பசராவுக்குப் போன பேர்

“மரைக்கார் மாமா, எங்கப்பாவ நல்லா வச்சிருன்னு சாமிகிட்ட கேக்குறப்ப எந்தப் பேரச் சொல்லணும்? எங்கப்பா பேரா, ஐயாசாமி மாமா பேரா?”

பேச்சி இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. மலாயாவின் கோத்தா திங்கி படகுத்துறையை ஒட்டியிருந்த சிக்கந்தர் மரைக்காயரின் மளிகைக் கடையில், வாயில் ஒரு வெல்லத்துண்டை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். மரைக்காயர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

“படைச்சவனுக்கு மூஞ்சி தெரியும்மா. நீ பேரே சொல்லாம கேளு.”

நல்ல பதில் என்று கடையில் இருந்தவர்கள் சொன்னார்கள். மரைக்காயருக்கு மட்டும் அது நல்ல பதிலாகப் படவில்லை. அன்று பருப்பை யாருக்கு எவ்வளவு கூடுதலாக நிறுத்துப் போட்டார் என்பது அவருக்கே தெரியாது.

அது முதல் உலகச் சண்டை நடந்த காலம். இராக்கின் பசரா பக்கத்து ஆறுகளில் ஓடும் நீராவிப் படகுகளுக்குப் பாயிலர் தெரிந்த ஆட்கள் வேண்டுமென்று சர்க்கார் கேட்டது. ஜோகூர் ஆற்று லாஞ்சுகளில் வேலை பழகிய பத்துப் பேர் கோத்தா திங்கியிலிருந்து பேர் கொடுத்தார்கள். டாக்டர் சோதித்துப் பார்த்தார். பட்டியல் சிங்கப்பூருக்குப் போய் முத்திரையோடு திரும்பியது. புறப்படும் நாள் காலையில் ஏழாவது பேருக்குரிய ஐயாசாமி துறையில் குந்தி அழுதுகொண்டிருந்தான். அவன் மனைவி ராஜம்மாவுக்கு இரண்டு நாளாகப் பிள்ளைவலி. தாயும் பிள்ளையும் தப்பினால் தெய்வ சித்தம் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அவன் போகாவிட்டால் போலீஸ் வரும்.

ஒரே லாஞ்சில் அவனோடு பாயிலருக்கு விறகு போட்டவன் மூர்த்தி. அவன் வந்து ஐயாசாமியின் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

“எந்திரிடா. நான் போறேன். பேரக் கேட்டுக்கிட்டா பாயிலரு சூடாவுது?”

பட்டியலில் ஒவ்வொரு பேருக்கும் எதிரே, ‘இந்த ஆளை நான் அறிவேன்’ என்று ஊரில் மதிப்புள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மரைக்காயரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஏழாவது பேருக்கு வந்ததும் பேனா நின்றது. எதிரே நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டார். மூர்த்தி, ஐயாசாமியாகக் கப்பலேறினான்.

ராஜம்மா பிழைத்துக்கொண்டாள். பிள்ளையும் பிழைத்தது. மூர்த்தியின் இடத்தில், மூர்த்தி என்ற பேரில், ஐயாசாமி லாஞ்சில் வேலைக்கு நின்றான். துறையில் எல்லோருக்கும் அவன் ஐயாசாமிதான். தொப்பி போட்ட அதிகாரி யாராவது ஏறினால் மட்டும், “மூர்த்தி, வெறகு போடு” என்பார்கள். அவன் சற்றுக் கழித்துத்தான் திரும்புவான்.

“அலமாக், சொந்தப் பேரே மறந்துருச்சா ஒனக்கு?” என்று சிரிப்பார்கள். அவன் சிரிக்கமாட்டான்.

போனவர்களின் வீடுகளைக் கவனிக்க ஒரு சபை வேண்டியிருந்தது. ‘பசரா குடும்ப சகாய சபை’ என்று பேர் வைத்து மரைக்காயரைத் தலைவராக்கினார்கள். கடையின் பின்கட்டில் ஒரு பெஞ்சும் ஒரு தகரப் பெட்டியும்தான் ஆபீஸ். ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கனகராஜ் செயலாளர். பசராவிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துக் காட்டுவார்கள், பதில் எழுதுவார்கள், காய்ச்சல் கண்டவளை ஜோகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு லாஞ்சில் ஏற்றி அனுப்புவார்கள், ஒழுகும் கூரைக்கு அத்தாப்பு ஓலை மாற்றுவார்கள். மூர்த்தியின் சம்பளத்தில் வீட்டுக்கென்று பிடிக்கும் பணம், ஐயாசாமியின் மனைவி என்று ராஜம்மா பேருக்கு வரும். அவள் ரேகை வைத்து வாங்கிய கையோடு மூர்த்தியின் மனைவி கருப்பாயியிடம் கொடுத்துவிடுவாள். மூன்று வருஷம் அது ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதனால் எல்லாம் சரியாகிவிட்டதென்றே ஊர் நினைத்தது.

சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆயிற்று. பத்துப் பேரில் நால்வர் திரும்பியிருந்தார்கள். மற்றவர்களை அடுத்த கப்பலில் எதிர்பார்த்தார்கள். அதற்குள் அரிசித் தட்டுப்பாடு வந்துவிட்டது. சபைத் தலைவர் கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டினால்தான் அந்தப் பத்து வீடுகளுக்கும் சர்க்கார் கிடங்கில் அரிசி கிடைக்கும். இல்லாவிட்டால் மரவள்ளிக்கிழங்குதான்.

மார்கழி அடைமழை. ஆறு செம்மண் கரைத்த நிறத்தில் துறையின் மூன்றாம் படியைத் தொட்டுக்கொண்டு ஓடியது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கனகராஜ் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

“மரைக்கார், கொஞ்சம் பின்கட்டுக்கு வாங்க.”

“இங்கேயே சொல்லும் கிராணியாரே. இந்த மழையில யாரு வரப்போறா?”

கனகராஜ் சட்டைக்குள்ளிருந்து ஒரு சர்க்கார் காகிதத்தை எடுத்தார். அது நனைந்திருக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“ஐயாசாமி காய்ச்சல்ல செத்துப் போய்ட்டான்.”

இருவரும் வெளியே பார்த்தார்கள். துறையில் ஐயாசாமி லாஞ்சுக்குள் நிறைந்த மழைத்தண்ணீரைத் தகரக் குவளையால் இறைத்துக்கொண்டிருந்தான்.

மரைக்காயர் உதட்டுக்குள் இறந்தவனுக்குச் சொல்ல வேண்டிய வாசகத்தைச் சொன்னார். கனகராஜ் காகிதத்தை விரித்துப் பேசினார்.

“வியாழக்கெழம ஜோகூர் பாருலேருந்து ஒரு சர்க்கார் துவான் வர்றாரு. ஐயாசாமி சம்சாரத்த நேருல பாத்து, ரேகை வாங்கிக்கிட்டு, ஆயுசுக்கும் பென்ஷன் எழுதுவாராம். ராஜம்மா வந்து ரேகை வச்சாப் போதும். பணம் எப்பவும் போல கருப்பாயி கையில போயிச் சேந்துரும்.”

“ராஜம்மா புருஷன் அந்தா நிக்கிறான்.”

“அவன் மூர்த்தி. மூணு வருஷமா மூர்த்திதானே?”

“கிராணியாரே, கழுத்துல தாலியோட ஒரு பொம்பள போயி எம் புருஷன் செத்துட்டான்னு ரேகை வப்பாளா?”

“கழத்தி வச்சிட்டு வரணும். ஒரு நாளைக்கு. நான் மட்டும் ஆசப்பட்டா சொல்றேன்?” கனகராஜின் குரல் உயர்ந்து தணிந்தது. “உண்மையச் சொல்லலாம்தான். ஒங்க கையெழுத்துப் பொய்யின்னு ஆனா, ஒங்கள உள்ள வப்பான். சபையே பொய்ச் சபைன்னு மூடுவான். மத்த ஒம்பது வீட்டுக்கும் யாரு சீட்டுக் குடுக்கிறது? அவங்க என்ன பாவம் பண்ணுனாங்க? இன்னொண்ணு. கருப்பாயிகிட்ட நீங்கதான் சொல்லணும். வியாழன் முடியுறவரைக்கும் அது வாய்விட்டு அழக்கூடாது. மூர்த்தி பொண்டாட்டி எதுக்கு அழுவுறான்னு யாராச்சும் கேட்டா எல்லாம் போச்சு.”

துறைக்குக் கீழ்ப்புறம் கருப்பாயியின் விறகுக் கொட்டகை இருந்தது. ஆற்றின் கழிமுகத்திலிருந்து தொங்கான் படகில் வரும் பாக்காவ் மரக் கட்டைகளைப் பிளந்து, லாஞ்சுக்கு நாளைக்கு இரண்டு அடுக்கு விறகு கொடுப்பது அவள் வேலை. மரைக்காயர் போனபோது அவள் ஈரக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பிளந்துகொண்டிருந்தாள். தலையில் காலையில் வைத்த செம்பருத்தி வாடாமல் இருந்தது.

“வாங்க மரைக்கார். கடுதாசி வந்திருக்கா?”

அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல்தான் சொன்னார். ஆனால், “பசராவுல ஐயாசாமி” என்று தொடங்கிவிட்டார்.

“எந்த ஐயாசாமி?” என்றாள் கருப்பாயி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கருப்பாயி கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினாள். அவள் வாய் திறந்தது. சத்தம் வருவதற்குள் மரைக்காயர் இரண்டு கைகளையும் கூப்பினார். வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னார். தம் வாழ்நாளில் அவ்வளவு கேவலமான சொற்களைத் தாம் பேசியதில்லை என்று அப்போதே அவருக்குத் தோன்றியது.

கருப்பாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். எடுத்தபோது குரல் சாதாரணமாக இருந்தது.

“இன்னிக்குத் திங்களு. நாளைக்கு, நாளான்னைக்கு. மூணு நாளு பூ வச்சிக்கிட்டு வெறகு பொளக்கணும்.”

“என்னைய மன்னிக்கச் சொல்ல எனக்கு வாயில்ல தாயி.”

“நீங்க பேனாவப் புடிச்சீங்க. அவரு தானா நடந்துதான் ஏறுனாரு.” அவள் கோடரியைப் பிடுங்கினாள். “பேச்சிகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்லாதீங்க. நீங்க நல்லவிதமாத்தான் சொல்லுவீங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

அவர் திரும்பி நடந்தார். முதுகுக்குப் பின்னால் விறகு பிளக்கும் சத்தம் ஒழுங்காகக் கேட்டது. மனிதர் அழும் சத்தத்தை அவர் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறார். அதையெல்லாம் தாங்கிக்கொள்ள முடிந்தது.

புதன்கிழமை மஃரிப் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தார். மனைவி ரசியா மரவள்ளிக்கிழங்கு சேர்த்த கஞ்சியும் சுட்ட கருவாடும் வைத்தாள். அவர் கருவாட்டைப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை.

“கஞ்சிய அப்படியே பாத்துக்கிட்டிருந்தா அது அரிசியா மாறிடுமா?” என்றாள் ரசியா.

அவர் சிரிக்க முயன்றார்.

“ராஜம்மா வந்துச்சு,” என்றாள் அவள். “மஞ்சக்கயித்தக் கழத்தி ஒரு துணியில முடிஞ்சு கொண்டாந்துருந்துச்சு. ‘எங்க ஆளுங்க வூட்டுல குடுத்தா யாரும் வாங்க மாட்டாங்க, அபசகுனம்பாங்க. நீங்க துலுக்கவூடு, ஒங்களுக்கு அந்தத் தோஷமெல்லாம் கிடையாது. நாளைக்கு ஒரு பொழுது வச்சிக்கிறீங்களா’ன்னு கேட்டுச்சு.”

“நீ என்ன சொன்னே?”

“அழுவுறியாடின்னு கேட்டேன். ‘அந்த அண்ணன் உசுரையே எம் புருஷனுக்குப் பதிலாக் குடுத்துட்டாரு. நான் ஒரு கயித்த ஒரு நாளைக்குக் குடுக்கக் கூடாதா’ன்னுச்சு.” ரசியா கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினாள். “நான் வாங்கல. ‘எங்க வூட்டுக்காரரு இது சரின்னு சொல்லட்டும், அப்பறம் என் நகையோட சேத்துப் பத்தரமா வச்சிக்கிறேன்’னு சொல்லி அனுப்பிட்டேன். சொல்லுங்க. சரியா?”

மழை கூரையில் அடித்தது. அவர் பிய்த்த கருவாட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

“நீங்க அன்னிக்குப் போட்ட கையெழுத்து ரஹ்மத்தாத்தான் போட்டீங்க. எனக்குத் தெரியும். அல்லாவுக்கும் தெரியும். ஆனா ஒரு எரக்கத்த மூடி வைக்க ரெண்டு பொம்பளைங்க வேணுமா? ஒருத்தி அழக்கூடாது, ஒருத்தி அழணும்.”

“ஒம்பது வீடு இருக்கு புள்ளே.”

“இருக்கு. நீங்க இல்லன்னா சீட்டுல கையெழுத்துப் போட அல்லா வேற கைய வச்சிருக்க மாட்டானா? சாப்புடுங்க.”

அன்று அவர் கஞ்சியைக் குடித்தார். தூங்கினாரா என்பதை அவள் கேட்கவில்லை.

வியாழக்கிழமை முற்பகலில் லாஞ்சு வந்தது. துவான் ஒரு மலாய் அதிகாரி. நடுத்தர வயது, மெலிந்த உடம்பு, சப்பாத்து முழுக்கச் சேறு. பாயிலரின் முன்னால் கரியும் வேர்வையுமாக நின்ற ஐயாசாமிதான் அவருடைய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சர்க்கார் பங்களாவுக்கு நடந்தான். படியில் பெட்டியை வைத்துவிட்டு அங்கேயே ஒதுங்கி நின்றான்.

வராந்தாவில் மேசை போட்டிருந்தது. கனகராஜ் பட்டியலோடு நின்றார். ராஜம்மா வெளுத்துப்போன பழஞ்சேலையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். ஒரு கை முந்தானையின் முடிச்சை விடாமல் பற்றியிருந்தது. முடிச்சுக்குள் என்ன இருக்கிறதென்று மரைக்காயருக்குத் தெரியும். கருப்பாயி, பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றாள். தலையில் பூ இருந்தது.

“புருஷன் பேர் என்ன?” என்று துவான் மலாயில் கேட்டார்.

ராஜம்மா தரையைப் பார்த்தாள்.

“எங்க பொம்பளைங்க புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்க துவான்,” என்றார் கனகராஜ்.

“பரவாயில்லை. தாளில் இருக்கிறது.” துவான் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

ராஜம்மாவின் பெருவிரல் மைக்கு மேலே வந்து நின்றது. மையில் தோய்ந்து காகிதத்தை நோக்கி மெல்ல நகர்ந்தது.

“நந்தி டுலு, துவான். கொஞ்சம் பொறுங்க,” என்றார் மரைக்காயர்.

அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்று, துறையில் நடந்தது, பிள்ளைவலி, ஏழாவது பேர், தம் கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னார். மலாய் தெரிந்த அளவுக்குச் சொன்னார். தெரியாத இடத்தில் தமிழில் சொன்னார். “தெரிஞ்சேதான் போட்டேன். யாரும் என்னை ஏமாத்தல. செத்தது இந்தப் பொண்ணோட புருஷன் இல்ல.”

கனகராஜ் பட்டியலால் நெற்றியை அடித்துக்கொண்டார்.

“பெத்துல்?” உண்மைதானா என்று கேட்டார் துவான். மரைக்காயர் தலையசைத்தார். “அப்படியானால் ஐயாசாமி எங்கே?”

மரைக்காயர் படிப்பக்கம் திரும்பாமல் மேசையையே பார்த்தார். தம் குற்றத்தைச் சொல்லத் தமக்கு உரிமை உண்டு. இன்னொருவனைக் காட்டிக்கொடுக்க உண்டா?

“நாந்தான் துவான்.”

ஐயாசாமி படியேறி வந்தான். கரி வழிந்த நெஞ்சில் மழை கோடு கிழித்திருந்தது.

“உன்னை லாஞ்சில் மூர்த்தி என்று கூப்பிட்டார்களே?”

“அது வாங்கிப் போட்டுக்கிட்ட பேரு துவான். இன்னிக்குத் திருப்பிக் குடுத்துடுறேன்.”

துவான் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கனகராஜிடம், “இறந்தவனுடைய மனைவி யார்? அவள் சொல்லமாட்டாள் என்றால் நீர் சொல்லும். அவன் பேர் என்ன?” என்று கேட்டார்.

கனகராஜ் வாய் திறக்குமுன் கருப்பாயி தூணை விட்டு நகர்ந்தாள். தலையிலிருந்த பூவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“மூர்த்தி,” என்றாள். “எம் புருஷன் பேரு மூர்த்தி. அவங்கப்பா பேரு காளியப்பன். எழுதிக்கங்க. மூர்த்தி.”

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. வந்தபிறகு நிற்கவில்லை. மூன்று நாள் அடக்கியது எல்லாம் அந்தப் பேராகவே வெளியே வந்தது. பேச்சி தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ராஜம்மா ஓடிவந்து இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். இருவரில் யாருக்கு யார் ஆறுதல் என்று சொல்லமுடியாதபடி அழுதார்கள்.

துவான் மைப்பெட்டியை மூடிவிட்டு, அவர்கள் அழுது ஓயும்வரை காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. அதிகாரம் உள்ள ஒருவர் பிறருக்குச் செய்யக்கூடிய உதவிகளில் அதுவும் ஒன்று.

பிறகு சொன்னார். இன்றுமுதல் மரைக்காயரின் கையெழுத்துச் செல்லாது. பொழுது சாய்வதற்குள் சபைக்கு வேறு தலைவர் வேண்டும். ஐயாசாமி இனி லாஞ்சில் ஏறக்கூடாது. மற்றதை மேலே உள்ளவர்கள் முடிவு செய்வார்கள்.

“நான் எல்லாவற்றையும் எழுதுவேன்,” என்றார் எழுந்துகொண்டே. “அந்தப் பிள்ளைவலியையும் விடாமல் எழுதுவேன்.”

அன்று மாலையே கனகராஜைத் தலைவராக்கினார்கள். தகரப் பெட்டி அவர் வீட்டுக்குப் போனது. அவர் மரைக்காயர்மேல் கோபமாக இருந்தார். ஆனாலும் முதல் அரிசிச் சீட்டில் அவர் எழுதிய பேர், ‘மூர்த்தி மனைவி கருப்பாயி’. அப்படி எழுத அவருக்கு இன்னும் உத்தரவு வரவில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. மூர்த்தியின் பேரிலேயே பென்ஷனும் வந்தது. மரைக்காயருக்கும் ஐயாசாமிக்கும் கடும் எச்சரிக்கை ஒன்றோடு முடிந்தது. அந்த நாட்களில் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. பயம்தான் தெரியும்.

கருப்பாயி பதினாறு நாள் துக்கம் காத்து வீட்டுக்குள் இருந்தாள். விறகு அடுக்கு ஒரு நாள் குறைந்தாலும் லாஞ்சு ஏஜெண்டு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். அது அவளுக்கும் தெரியும். வெளியே வரத்தான் வழியில்லை.

அந்த வியாழனுக்கு மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் மரைக்காயர் நேரே கடைக்குப் போகவில்லை. பனியும் தூறலுமாக இருந்த துறையோரம் நடந்து, கொட்டகையில் சாத்தியிருந்த கோடரியை எடுத்தார். ஐம்பது வயதுவரை தராசைத் தவிர வேறொன்றும் பிடிக்காத கை. முதல் வெட்டில் கட்டை உருண்டு ஓடியது. இரண்டாவதில் கோடரி சிக்கிக்கொண்டது. விடிவதற்குள் அரை அடுக்குகூடத் தேறவில்லை. துண்டுகள் கோணல் கோணலாக, சமைக்கத் தெரியாதவன் நறுக்கிய கிழங்கைப் போலக் கிடந்தன. குறைந்ததை நாளைக்கு ஈடுகட்டலாம் என்று எண்ணிக்கொண்டு, உள்ளங்கையைக் கைலியில் துடைத்தபடி போனார்.

மத்தியானம் கடையிலிருந்து பார்த்தபோது லாஞ்சில் இரண்டு அடுக்கும் முழுதாக ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த நாளும் அப்படியே. அவர் விட்டுவந்த அரை அடுக்கோடு ஒன்றரை அடுக்கு சேர்ந்திருந்தது. சேர்ந்தவை நரம்பு பார்த்துப் பிளந்த நேரான துண்டுகள். பாயிலர் வாய்க்கு என்ன அளவு வேண்டுமென்று அறிந்த கை பிளந்தவை. யார் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஒளிந்திருந்து பார்க்கவும் இல்லை. கையில் கொப்புளம் எப்படி வந்தது என்று ரசியாவும் கேட்கவில்லை. தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பதினாறாம் நாள் பள்ளிவாசலில் சற்றுத் தாமதமாயிற்று. அவர் கொட்டகைக்கு வந்தபோது இரண்டு அடுக்கும் நிறைந்திருந்தன. மழை நின்றிருந்தது. ஆறு ஒரு படி இறங்கியிருந்தது. ஒருவரையும் காணோம். வெட்டுக்கட்டையின்மேல் பிளக்காத ஒரே ஒரு துண்டு மட்டும் நிமிர்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கோடரி.

மரைக்காயர் பிஸ்மில்லா சொல்லிக் கோடரியை ஓங்கினார். துண்டு கோணலாகத்தான் பிளந்தது. இரண்டையும் எடுத்து அடுக்கின் உச்சியில் வைத்துவிட்டுக் கடை திறக்கப் போனார்.